மைக் மேல் பழி போடாதீர்கள்

கடிதம் எழுதியவர் 41 வயதுப் பெண். வானொலிச் செய்தியாளராகத் தொடங்கி, தயாரிப்பாளராகவும் ஆனவர். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மொத்தம் 18 வருட அனுபவம். கடைசி 9 வருடங்களாகக் காலை 6 முதல் 9 வரை போகும் செய்தி நிகழ்ச்சியைத் தயாரிப்பதும் இவரே, தொகுத்து வழங்குவதும் இவரே. 7 மாதங்களாகக் குரல் படுத்துகிறது. இரண்டாவது மணி நேரத்தில் கரகரப்பு ஏறி, சொல்லின் கடைசி எழுத்துகள் வெறும் காற்றாகப் போய்விடுகின்றன. "ஒருநாள் விருந்தினரின் பெயரைச் சொல்லும்போது பாதியில் குரல் நின்றுவிட்டது. அந்த 2 விநாடியை நேயர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் கவனித்தார்கள்" என்று எழுதுகிறார்.

ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர், இரண்டு குரல்நாண்களிலும் சிறு முடிச்சுகள் இருக்கின்றன, பயிற்சி போதும் என்றிருக்கிறார். இன்னொருவர் அறுவைச் சிகிச்சை செய்துவிடலாம் என்றிருக்கிறார். நிலையத்தில், "மைக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் முழுநேரத் தயாரிப்பாளராக இருங்கள், தொண்டைக்கும் ஓய்வு கிடைக்கும்" என்று சொல்கிறார்கள். இது புற்றுநோயாக இருக்குமோ, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் ஒரு மாதத்தில் திரும்பிவிடலாமா, தயாரிப்பாளர் பொறுப்பை ஏற்றுக்கொள்வதா, நிலையத்தில் எவ்வளவு சொல்வது என்பவை இவரது கேள்விகள். கூடவே, தன் ஒரு நாளை மணிவாரியாக எழுதி அனுப்பியிருக்கிறார். எனக்கு மிகவும் உதவியது அந்தத் தாள்தான்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பயத்தைப் பேசிவிடுவோம். குரல்நாண் முடிச்சு புற்றுநோய் அல்ல, பின்னாளில் புற்றுநோயாக மாறும் சமாச்சாரமும் அல்ல. மண்வெட்டி பிடிப்பவரின் உள்ளங்கை காய்த்துப்போகிறதே, அதைப் போலத்தான். நாண்கள் ஒன்றோடொன்று ஓங்கி மோதும் இடத்தில், இரண்டு பக்கமும் நேருக்கு நேராகத் தடிப்பு விழுகிறது. வயது வந்தவர்களில் இது பெண்களுக்கே அதிகம் வருகிறது. அதற்குக் காரணமும் உண்டு. பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் விநாடிக்குச் சுமார் 200 தடவை மோதிப் பிரிகின்றன. ஆண்களுக்கு ஏறத்தாழ அதில் பாதிதான். பேச்சு நேரத்தில் பாதிதான் நாண்கள் அதிரும் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், ஒரு மணி நேரப் பேச்சுக்கு உங்களுக்கு 3,60,000 மோதல்கள் ஆகிவிடுகின்றன.

ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் தொண்டையைப் பார்த்தபோது ஸ்ட்ரோபோஸ்கோபி செய்தார்களா? சாதாரண வெளிச்சத்தில் குரல்நாணின் அதிர்வு கண்ணுக்குப் பிடிபடாது. விட்டு விட்டு மின்னும் ஒளியில் பார்த்தால் அந்த அதிர்வு மெதுவாக ஓடுவதுபோலத் தெரியும். முடிச்சா, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும் பாலிப் என்ற சதை வளர்ச்சியா, தோலுக்கடியில் இருக்கும் நீர்க்கட்டியா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும். இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதற்கு இந்தக் குழப்பமே காரணமாக இருக்கலாம். பாலிப்பும் நீர்க்கட்டியும் பயிற்சியால் மட்டும் போவது அரிது; முடிச்சு பெரும்பாலும் போகும். (உயிரோடிருப்பவரின் குரல்நாண்கள் பேசும்போது எப்படி இயங்குகின்றன என்பதை முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்து எழுதியவர் மருத்துவர் அல்ல. மானுவல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர். 1854-இல் பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, வெயிலைத் திருப்பிவிட்டு, தன் நாண்களைத் தானே பார்த்தார். குரலை வைத்துப் பிழைப்பவருக்கு இருக்கிற அக்கறை மருத்துவர்களான எங்களுக்கு வராது போலிருக்கிறது.)

உங்கள் நாளைக் கூட்டிப் பார்த்தேன்

"18 வருடம் மைக் முன்னால் கத்தியதில் தொண்டை தேய்ந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு. பென்சிலை எடுத்துக்கொண்டு நீங்கள் அனுப்பிய தாளைக் கூட்டினேன்.

மூன்று மணி நேர நிகழ்ச்சியில் தலைப்புச் செய்திகள், இணைப்புரை, பேட்டிக் கேள்விகள் எல்லாம் சேர்த்து உங்கள் குரல் காற்றில் போவது சுமார் 50 நிமிடம். மற்றதெல்லாம் விருந்தினர்கள், களத்திலிருந்து வரும் செய்தியாளர்கள், பதிவு செய்த ஒலித்துண்டுகள்.

இனி மைக்குக்கு வெளியே. காலை 4 மணிக்கு இரவுப் பணியாளர்களிடமிருந்து பொறுப்பு வாங்கி, எந்தச் செய்தி முதலில், எது பின்னால் என்று முடிவு செய்ய 45 நிமிடம். விருந்தினர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, என்ன கேட்கப்போகிறோம் என்று போனில் விளக்க 45 நிமிடம். நேரலையின் நடுவே, ஒலித்துண்டு ஓடும்போதெல்லாம் டாக்பேக்கில் (நேயர்களுக்குக் கேட்காத உள்பேச்சு இணைப்பு) கன்ட்ரோல் ரூமுக்கு உத்தரவு: அரை மணி நேரம். 9 மணிக்கு மேல் அலசல் கூட்டம் 40 நிமிடம். சாலையோரம், தொழிற்சாலை வாசல் என்று களப் பேட்டி ஒரு மணி நேரம். புதிதாக வந்த இரண்டு பேருக்குப் பயிற்சி 45 நிமிடம். மாலையில் மறுநாளுக்கான போன்கள் ஒரு மணி நேரம். கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, இரவு அவரோடு ஒரு மணி நேரமாவது பேசுவேன்." ஆக 385 நிமிடம். ஆறு மணி நேரத்துக்கு மேல்.

மைக்கில் 50 நிமிடம், வெளியே 385. அந்த 50 நிமிடமும் சத்தம் அடைத்த அறையில், ஒரு சாண் தூரத்தில் நல்ல மைக், பக்கத்தில் ஒலிப்பொறியாளர் என்று சகல வசதியோடு நடக்கிறது. அந்த 385 நிமிடமோ லாரி இரைச்சலிலும், தூக்கக் கலக்கத்திலும், காது கேளாத தாயின் முன்னாலும் நடக்கிறது. உங்கள் குரல் மைக்கில் உடைவதால் மைக்கில் அடிபடுகிறது என்று நினைக்கிறீர்கள். அடி வேறு இடங்களில் விழுகிறது, வலி மைக்கில் தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்தத் தயாரிப்பாளர் நாற்காலி

இப்போது நிலையத்தார் சொல்லும் யோசனைக்கு வருகிறேன். நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் எடுத்துவிடச் சொல்வது 50 நிமிடத்தை. கூட்டிவிடச் சொல்வது 385-ஐ. முழுநேரத் தயாரிப்பாளர் என்றால் ஒன்றுக்கு இரண்டு நிகழ்ச்சிகள், இன்னும் அதிகப் போன்கள், இன்னும் அதிகக் கூட்டங்கள், நாள் முழுக்க டாக்பேக் பொத்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வானொலியில் பேசுபவர் தொகுப்பாளர். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், ஓயாமல் பேசுபவர் தயாரிப்பாளர்தான். தொண்டைக்கு ஓய்வு என்ற காரணத்துக்காக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால், ஆறு மாதம் கழித்து மைக்கும் இருக்காது, கரகரப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

அதற்காக அந்த வேலையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிகழ்ச்சியைக் கட்டுவதில் உங்களுக்கு உண்மையான ஆசை இருந்தால், நீண்ட ஒலி ஆவணங்கள் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தால், தாராளமாகப் போங்கள். 18 வருடத்தில் கற்றதில் குரல் ஒரு பங்குதான். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, பதிவில் எந்த மூச்சை வெட்டுவது, எதை வெட்டாமல் விடுவது என்பதெல்லாம் தொண்டையில் இருக்கும் திறமை அல்ல. ஆனால் அது ஒரு தொழில் முடிவு. அதைத் தொழில் காரணங்களுக்காக, குரல் தேறிய பிறகு எடுங்கள். இப்போதைய பயத்தில் எடுக்காதீர்கள்.

இப்போதைக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. 3 மாதம் நிகழ்ச்சியில் உங்கள் பங்கைக் குறைத்துக் கேளுங்கள். வாரத்தில் மூன்று நாள் மட்டும் தொகுப்பது, அல்லது இன்னொருவரோடு பாதிப் பாதியாகப் பகிர்வது. அதே 3 மாதம் களப் பேட்டிகளையும் புதியவர்களுக்கான பயிற்சியையும் வேறொருவர் பார்க்கட்டும். தினம் 50 நிமிட மைக்கை விடுவதைவிட இந்த இரண்டை விடுவது உங்களுக்கு அதிக லாபம். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். "தற்காலிகம்" என்ற சொல்லும், மைக்குக்குத் திரும்பும் தேதியும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்த காலை நேரம் திரும்பி வருவது கஷ்டம். இது மருத்துவம் படித்ததால் சொல்வதல்ல, நாலு பேரைப் பார்த்ததால் சொல்வது.

நிலையத்தில் எவ்வளவு சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். முழு மருத்துவ அறிக்கையைக் கொடுக்கத் தேவையில்லை. "வேலையால் வந்த குரல் பாதிப்பு, சிகிச்சையில் குணமாகக்கூடியது, இத்தனை வாரம் பேச்சைக் குறைக்க வேண்டும்" என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதும். மறைத்து வைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள். அந்தக் காரணம் அநேகமாக உங்கள் வயதாக இருக்கும். இதைத் தொழில்சார் பாதிப்பாக ஏற்று விடுப்போ செலவோ தருவார்களா என்பது நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அதைத் தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ கேளுங்கள். இதில் டாக்டர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கத்தியா, பயிற்சியா

முடிச்சு என்று உறுதியானால், முதலில் பயிற்சி. குரல் சிகிச்சையில் தேர்ந்த ஸ்பீச் தெரபிஸ்டிடம் வாரம் ஒரு தடவையாக 6 முதல் 8 அமர்வுகள், தினமும் வீட்டில் கொஞ்சம். பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும். நடுவில் ஒரு கட்டத்தில் "ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும். அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அறுவைச் சிகிச்சை பெரிய பயமுறுத்தலும் அல்ல, குறுக்கு வழியும் அல்ல. மயக்க மருந்து கொடுத்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து எடுப்பார்கள். பிறகு சில நாள் முதல் ஒரு வாரம் வரை பேசவே கூடாது. அப்புறம் படிப்படியாகத்தான் பேச்சைக் கூட்ட வேண்டும். ஒரு மாதத்தில் 3 மணி நேர நேரலைக்குத் திரும்புவதாக நீங்கள் போட்டிருக்கும் கணக்கு சரிப்படாது. 6 முதல் 8 வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். வெட்டிய இடத்தில் தழும்பு விழுந்தால் குரலில் ஒரு விறைப்பு தங்கிவிடலாம். இதையெல்லாம்விட முக்கியமானது, அந்த 385 நிமிடம் மாறாவிட்டால் எடுத்த இடத்திலேயே முடிச்சு மறுபடி வரும். ஒழுங்காகப் பயிற்சி செய்தும் முடிச்சு கரையவில்லை என்றாலோ, ஸ்ட்ரோபோஸ்கோபியில் அது வேறு ஏதோ என்று தெரிந்தாலோ கத்தியைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் பையில் இருப்பவை

குரல் கம்மும் நாட்களில் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி ஒரு வேளை போட்டுக்கொண்டு நிகழ்ச்சிக்குப் போனதாகவும், இதுவரை 4 தடவை அப்படிச் செய்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது இதுதான். அந்த மாத்திரை வீக்கத்தை வற்ற வைக்கும், குரலும் தெளியும். ஆனால் காயம் அங்கேயே இருக்கிறது. சுளுக்கிய காலுக்கு வலி தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டு ஓடுவது போன்றது இது. மருத்துவர் தொண்டையைப் பார்த்துவிட்டு, ஒரு தவிர்க்க முடியாத நாளுக்காகக் கொடுப்பது வேறு. நீங்களாக வாங்குவது வேறு. அதேபோல், தலைவலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை அடிக்கடி போடுகிறீர்களென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவை ரத்தம் உறைவதைத் தாமதிக்கும். அடிபட்ட குரல்நாணில் ரத்தக் கசிவு வர அது தோதாகிவிடும்.

மெந்தால் மிட்டாய் குளுகுளுவென்று ஏமாற்றும். தொண்டையை உலர்த்தவும் செய்யும். சாதாரண இனிப்பு மிட்டாய் மேல். நிகழ்ச்சிக்கு ஐந்து நிமிடம் முன் குடிக்கும் சூடான எதுவும் குரல்நாணைத் தொடவே தொடாது, தொட்டால் புரையேறிவிடும். நாணுக்குத் தண்ணீர் போவது ரத்தத்தின் வழியாக, அதற்குச் சில மணி நேரம் வேண்டும். ஆகவே குடிப்பதை எழுந்தவுடனே தொடங்குங்கள். காப்பியை அறவே விட்டதாகச் சொன்னீர்கள். காலை 4 மணி வேலைக்காரரிடம் ஒரு கோப்பை காப்பியைப் பிடுங்கும் அளவுக்கு அதற்கு எதிராக ஆதாரம் இல்லை. குடியுங்கள்.

குரலைச் சேமிக்க நாள் முழுக்க கிசுகிசுப்பாகப் பேசுகிறேன் என்கிறீர்கள். பலருக்கு இது எதிர்மாறான வேலையைச் செய்கிறது. கிசுகிசுக்கும்போது நாண்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. மெல்லிய, காற்றோட்டமான சாதாரணக் குரலே நல்லது. தொண்டையைச் செருமுவதையும் விடுங்கள். செருமுவது நாண்களை ஓங்கி அறைவது. செருமத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்குங்கள்.

ஒலிக்கூடத்துக்குள் மூன்று மாற்றங்கள்

இவற்றை ஒலிப்பொறியாளரோடு உட்கார்ந்து ஒரே நாளில் செய்துவிடலாம். சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார் என்று 1911-இல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. ஹெட்ஃபோனில் நிகழ்ச்சி பலமாகவும் உங்கள் குரல் சன்னமாகவும் ஓடினால் உங்களுக்கு நடப்பது அதேதான். உங்கள் குரலை உங்கள் ஹெட்ஃபோனில் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். தன் குரல் தெளிவாகக் கேட்டால் தானாகவே தணிந்து பேசுவோம்.

அடுத்தது, செய்திக்கென்று நீங்கள் வைத்திருக்கும் குரல். கடிதத்தோடு அனுப்பிய இரண்டு பதிவுகளையும் கேட்டேன். தோழியோடு பேசும் பதிவில் உங்கள் குரல் இயல்பான உயரத்தில் இருக்கிறது. செய்தியில் அதை இரண்டு படி கீழே அழுத்துகிறீர்கள். கம்பீரமாக இருக்க வேண்டும் என்று 23 வயதில் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தக் கனத்தை மைக்கிடம் விடுங்கள். வானொலியில் பொதுவாகப் பயன்படுத்தும் திசை மைக்குகள், வாய் நெருங்க நெருங்கக் குரலின் அடிநாதத்தைத் தாமாகவே கூட்டித் தரும்.

மூன்றாவதில் உங்களுக்குள் இருக்கும் தயாரிப்பாளர் உங்களுக்குள் இருக்கும் தொகுப்பாளருக்கு உதவ வேண்டும். உங்கள் வாக்கியங்கள் நீளம். மூன்று "என்றும்" கடந்து முற்றுப்புள்ளிக்கு வரும்போது காற்று தீர்ந்து, மிச்சத்தைத் தொண்டையை நெரித்துச் சொல்கிறீர்கள். கடைசி எழுத்துகள் காணாமல் போகும் இடமும் அதுதான். ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம் என்று ஸ்கிரிப்டை எழுதுங்கள். நேயர்களுக்கும் நல்லதுதான்.

வெளியே செய்ய வேண்டியதில் எனக்கு முதலாவது உங்கள் தாயாரின் காது. அவரைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். கருவி பொருத்தினால் உங்களுக்குத் தினம் ஒரு மணி நேரக் கத்தல் மிச்சம், அவருக்கும் உலகம் திரும்பக் கேட்கும். மறுநாள் விருந்தினர்களுக்கு முடிந்தவரை எழுத்துச் செய்தி அனுப்புங்கள்.

பயிற்சியாளரிடம் போகும்வரை ஒரு எளிய பயிற்சி: உறிஞ்சு குழலை உதடுகளால் கவ்விக்கொண்டு, அதன் வழியே "ஊ" என்று மெல்ல ஒலி எழுப்புங்கள். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. ஒரு தடவைக்கு 2, 3 நிமிடம், ஒரு நாளில் நாலைந்து தடவை. குரல் ஆய்வாளர் இங்கோ டிட்சே பரவலாக்கிய பயிற்சி இது. குழலின் எதிரழுத்தம் நாண்களைக் கொஞ்சம் விலக்கிப் பிடிப்பதால் மோதல் மெத்தென்று ஆகிறது. வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குரல் முழுதாகப் போய்விட்டால், அது நாணில் ரத்தக் கசிவாக இருக்கலாம். நிகழ்ச்சி நடுவில் இருந்தாலும் சரி, பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம், இருமலில் ரத்தம், கழுத்தில் கட்டி இவற்றில் எது வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் சக ஊழியர்களுக்கும் சொல்லுங்கள்: கரகரப்பு 4 வாரத்துக்கு மேல் நீடித்தால் தொண்டையைப் பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் முதல் மருத்துவரிடம் போகவே 5 மாதம் எடுத்துக்கொண்டீர்கள்.

8 வாரம் கழித்து அதே இரண்டு பதிவுகளை, அதே வரிகளை வாசித்து, மறுபடி அனுப்புங்கள். நாளைக் காலை வேலைக்குப் போகும்போது அந்த மாத்திரைப் பட்டையை மட்டும் பையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.